நோட்டில் இல்லாத கேள்வி

உடுமலையில் பஸ் ஏறும்போது
நோட்டில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன.
குடிமங்கலம் தாண்டியதும்
ஜன்னல் நிறையக் காத்தாடிகள்.
நான் விசாரிக்கப் போகும் வேலை
மக்காச்சோளக் காட்டுக்கு மேலே
மூன்று கையாலும் சுற்றிக்கொண்டிருந்தது.

பூளவாடி பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்தபடி உட்கார்ந்திருந்தார் திருமூர்த்தி.
ஒன்பது வருசமாகக் கோபுரம் ஏறுகிறவர்.
பயமா இருக்குங்களா?
"ஏறுறப்ப இல்லீங்க அம்மிணி.
எறங்கி, பைக்கெடுத்து,
பொழுதுபோன நேரத்துல தாராபுரம் ரோட்டுல போறமல்லங்க,
அதாங்க பயம்."
எழுதிக்கொண்டேன்.
சம்பளம் கேட்டதும் பன்னைக் கீழே வைத்தார்.
தொகையைச் சொல்லவில்லை, பிடித்தங்களைச் சொன்னார்:
ஒப்பந்தக்காரர் பிடிப்பது, பி.எப்.,
கிழிந்த கையுறைக்கு முந்நூறு.
மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன்.
நாலு வருசம் பனியன் கம்பெனியில்
அதுதானே என் வேலை.

கண்ட்ரோல் ரூமில் ஜெயசீலன் சார்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பேசினார்.
"நல்லாக் காத்தடிக்கிறப்பதான் மின்வாரியத்திலிருந்து போன் வரும்,
நிறுத்துங்கன்னு.
வர்ற காத்தை வேண்டாம்னு சொல்லப் பழகணும்மா."
அழகாக இருந்தது.
அழகாக இருந்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது.
முட்டி போனதால் ஆறு வருசமாக
அவர் மேலே ஏறவில்லை என்று
வெளியே வாட்ச்மேன் சொன்னார்.

நாலே மாசத்தில் வேலையை விட்ட காளீஸ்வரனை
அவர் கோழிப்பண்ணையில் பிடித்தேன்.
ஏனுங்க விட்டீங்க?
"மேல போயிட்டா பேச ஆளில்லீங்க.
எனக்கு யாராச்சும் பேசிட்டே இருக்கோணும்."
ஆறாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில்
பேசிக்கொண்டிருந்தன.
அடுத்த கேள்வியைக் கத்திக் கேட்டேன்.
அவர் தலையாட்டினார்.
ஆமாமா, இல்லையா, தெரியவில்லை.

சௌடேஸ்வரி அக்கா மேலே இருந்தார்.
"கியர் ஆயில் மாத்துறோம், சித்தெ இரு" என்றது போன்.
சித்தெ என்பது ரெண்டரை மணி நேரம்.
நிழல் என்று அங்கே இருந்தது
கோபுரத்தின் நிழல் ஒன்றுதான்.
அது நகர நகர நானும் நகர்ந்தேன்.

கோபுரத்துக் கதவைத் திறந்து வந்தவரின் தோளில்
பெல்ட்டின் தடம், பட்டையாக, ஈரமாக.
நோட்டைப் பிரித்தேன்.
பன்னிரண்டையும் விட்டுவிட்டு
எழுதாத ஒன்றைக் கேட்டேன்.
"அக்கா, ஒண்ணுக்கு வந்தா?"

சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.
"காலைல ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல.
ரெண்டு தடவை கல்லடைப்பு.
இப்பத்தான் அதுக்குன்னு ஒரு பை வாங்கிக் குடுத்திருக்காங்க.
பதினோரு மெயில் எழுதினேன்.
எல்லாத்துக்கும் சார் சார்னு ஆரம்பம்."
பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.
ஒரு கைக்குழந்தையின் கனம்.
"சர்டிபிகேட் இல்லாம உள்ள விட மாட்டேன்.
எட்டி வேணாப் பாரு."

உள்ளே கிரீஸ் வாசம்.
ஏணி, மேலே மேலே போய்
ஒரு நூலாகி, அப்புறம் இல்லை.
அங்கே எங்கோ யாரோ ஸ்பானரைக் கீழே வைத்தார்கள்.
அந்தச் சத்தம் இறங்கி வர
எடுத்துக்கொண்ட நேரத்தை
எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது?

"புடிச்சிருக்குங்களா அக்கா, இந்த வேல?"
கடைசியாக, வழக்கமான கேள்வியும் வாயில் வந்துவிட்டது.
அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார்.
"இரு, தின்னுட்டுச் சொல்றேன்."
தின்றார். தண்ணீர் குடித்தார், நிறைய.
அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில்
மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் இருந்தது.
அதிலும் ஒன்று கோழிச்சத்தம்.
மடியில் அரை பாட்டில் தண்ணீர்.
தாகம்தான்.
எவ்வளவு நேரம் தாங்குகிறேன், பார்ப்போம் என்று
மணி பார்த்துக்கொண்டேன்.

பெதப்பம்பட்டியில் குடித்துவிட்டேன்.
முப்பத்தைந்து நிமிசம்.
அதைத் தேதி போட்டு
பதின்மூன்றாவதாக எழுதி வைத்தேன்.